வாடகை வீடும் வயற்காணியும்

கிளிநொச்சியில் வயலைக் கொடுப்பதற்கு ஒரு சொல்லும் வீட்டைக் கொடுப்பதற்கு வேறொரு சொல்லும் உண்டு. வயல் குத்தகைக்குப் போகும். வீடு வாடகைக்குப் போகும். குத்தகை போகத்துக்குப் போகம் பேசப்படுவது. வாடகை மாதத்துக்கு மாதம் கொடுக்கப்படுவது. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு அந்நகருக்கு வீடு தேடிப் போகும் ஒருவர், அங்கு ஓராண்டு குடியிருப்பதற்குள் அவ்வறிவு தமக்கு அதிகம் பயன்படாதென்பதைக் கண்டுகொள்வார். அங்கே வீட்டை வாடகைக்கு விடுபவர் பெரும்பாலும் கமக்காரர். வயலைக் குத்தகைக்கு எடுத்தும் கொடுத்தும் பழகிய மனத்தோடுதான் அவர் வீட்டுத் திறப்பையும் எமது கையிற் தருகின்றார்.

2017 தை முதல் 2022 வைகாசி வரை எமது குடும்பம் அந்நகரில் இரு வீடுகளில் வாடகைக்கு இருந்தது. அப்பா அரசாங்க எழுதுவினைஞர். வடமராட்சியில் எமக்குச் சொந்த வீடு இருந்ததெனினும் நாளாந்தம் பேருந்தில் வந்து போவதற்கு அவரது முழங்கால் இடந்தரவில்லை. முதலாவது வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அது தாழ்ந்த நிலத்தில் நின்றது. 2018 மார்கழியில் ஓரிரவு கொட்டிய பெருமழையோடு இரணைமடுவின் வான்கதவுகளும் திறக்கப்பட்டபொழுது எமது கட்டிற் காலின் பாதிவரை வெள்ளம் நின்றது. எனது பாடக் கொப்பிகள் எல்லாம் ஊறிப் பருத்துப் போயின. அதன் பின்னரே மேட்டு நிலத்தில் வீடு தேடத் தொடங்கினோம். கனகபுரம் பக்கமாக ஆச்சியின் வீடு கிடைத்தது. அவரை நாம் எல்லோரும் ஆச்சி என்றே அழைத்தோம். அப்பாவும் அவ்வாறே அழைத்தார்.

வீட்டைப் பற்றிச் சொல்லுமுன் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். இரணைமடுக் குளம் இன்றேல் கிளிநொச்சி என்றொரு நகர் இல்லை. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட அக்குளத்தின் கீழ், யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்ற குடும்பங்கள் முப்பதுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. உருத்திரபுரம், கனகபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்பன அவ்வாறு எழுந்த ஊர்கள். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்காலின் எண்ணே இடப் பெயராக நிலைத்துவிட்ட பகுதிகளும் உள. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தோர் பலரும் இவ்வூர்களைச் சுற்றிக் குடியமர்ந்தனர். அவர்களுட் பலர் பிறர் வயலிற் கூலிக்கு இறங்கியவர்கள் என்பதையும் மறத்தலாகாது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. ஆயினும் அதனை நகரமென்று நாம் சொல்வது கண்டி வீதியின் இரு மருங்கிலும் உள்ள வங்கிகளையும் கடைகளையும் கச்சேரியையும் பார்த்துத்தான். வீதியை விட்டு உட்புறமாகப் பத்து நிமிடம் நடந்தால் வரம்பில் நிற்கலாம். நகரத்தை ஆள்வது நகரசபையன்று. கரைச்சிப் பிரதேச சபை.

இத்தகைய ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. அதற்குக் காரணம் வீட்டுப் பற்றாக்குறை மட்டுமன்று. காணியின் இயல்பும் ஆகும். அங்குள்ள காணிகளிற் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தின் மீது வழங்கப்பட்டது. சனங்கள் அதனைப் ‘பேர்மிற் காணி’ என்பர். உரிய அதிகாரியின் அனுமதியின்றி அதனை விற்கவோ குத்தகைக்கு விடவோ இயலாது. கமஞ்செய்வதற்கென்று அரசு கொடுத்த நிலம், கமஞ்செய்யாதவன் கைக்குப் போய்விடக்கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயின் அதன் பக்க விளைவு ஒன்றுண்டு. அக்காணியில் நிற்கும் வீட்டை வாடகைக்கு விடுபவர் எழுத்து என்றதும் ஒதுங்கிக்கொள்வார். நொத்தாரிசு, முத்திரை, சாட்சி ஒன்றும் இராது. “எழுத்து என்னத்துக்குத் தம்பி? வாய்ச்சொல்லு காணாதே?” என்று ஆச்சி அப்பாவிடம் கேட்டதற்கு இதுதான் பொருள். தம் வாழ்நாள் முழுவதும் பத்திரங்களைக் கோவைப்படுத்திய அப்பா, தாம் குடியிருந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இன்றி மூன்றரை ஆண்டுகள் இருந்தார்.

ஆச்சியின் வீடு எழுபதுகளிற் கட்டப்பட்டது. 1970ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபொழுது வடபகுதிக் கமக்காரருக்கு ஒரு நற்காலம் பிறந்ததென்பதைப் பொருளியல் மாணவர் நன்கறிவர். குடாநாட்டிலிருந்து இளைஞர் பலர் மிளகாய் நடுவதற்கென்றே வன்னிக்கு வந்தனர். ஆச்சியின் கணவரும் அவர்களுள் ஒருவர். மூன்று அறை, விறாந்தை, குசினி கொண்ட அக்கல்வீடு மிளகாய்க் காசில் எழுந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, மிளகாய் விழுந்தது. வீட்டின் சுவர்கள் பூச்சுக் காணாமலே நின்றுவிட்டன. பின்னர் 1996இலும் 2008இலும் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2010இல் ஆச்சி திரும்பி வந்தபொழுது ஓடும் கதவும் யன்னலும் இல்லாத நான்கு சுவர்களே எஞ்சியிருந்தனவாம். கூரையைப் போட்டது அவரல்லர். அக்காலத்தில் நகருக்கு வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களுள் ஒன்று. ஓராண்டு வாடகையை முற்பணமாகத் தந்து, அப்பணத்திற் கூரை போடுவித்து, அவ்வீட்டில் அலுவலகம் நடத்திற்று. அவர்கள் போனபின் வங்கி உத்தியோகத்தர் ஒருவர், ஆசிரியர் இருவர், அதன் பின் நாம். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவி பெற்று அதே வளவின் பின்புறத்திற் கட்டிய சிறிய வீட்டில் ஆச்சியும் மகளும் பேரனும் இருந்தனர். பெரிய வீடு உழைப்பதற்கு. சிறிய வீடு இருப்பதற்கு. சுவர் மிளகாய், கூரை வாடகை, மலசலகூடம் ஒரு நல்ல காலபோகத்து நெல் என்று அவ்வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆச்சி கணக்குச் சொல்வார்.

மூன்று அறைகள் என்றேன். எமக்குக் கிடைத்தவை இரண்டு. மூன்றாவது அறை எப்பொழுதும் பூட்டியிருக்கும். அதனுள்ளே ஆச்சியின் நெல் இருந்தது. விதைநெல்லும் வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் விலை ஏறுமட்டும் விற்காது வைத்த நெல்லும் மூடை மூடையாக மரக்குற்றிகளின் மேல் அடுக்கப்பட்டிருக்கும். பின்வீட்டில் அதற்கு இடமில்லை. வீட்டைப் பேசியபொழுதே, “அந்த அறையை மட்டும் நான் வைச்சிருப்பன்” என்று ஆச்சி சொல்லியிருந்தார். ஆயின் வாடகை மூன்றறைக்கு உரியதாகவே இருந்தது: மாதம் 8,000 ரூபா. அப்பா இதனை அடிக்கடி முணுமுணுப்பார். எனது மேசை விறாந்தையின் மூலையிற் கிடந்தமைக்கும் அந்த அறைதான் காரணம். உயர்தர வகுப்புப் பாடங்களை நான் படித்த காலம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் பூட்டிய கதவும் அதனூடாக வரும் நெல்லின் வெப்பமான மணமும் இருந்தன. அந்துப்பூச்சிகள் கதவிடுக்கால் வந்து புத்தகத்தின் மீது அமரும். எலிக்காக ஆச்சி ஒரு பூனையை எமது பக்கத்தில் விட்டு வைத்தார். பூனைக்குச் சோறு போடுவது எமது பொறுப்பென்பதும் வாய்ச்சொல் உடன்படிக்கையில் அடங்கியிருந்ததுபோலும்.

வாடகைக்கு இருப்பவனுக்கு ஊரின் கமத்தைப் பற்றி என்ன கவலை என்று நாம் முதலில் நினைத்தோம். கிணறு எமக்கு அதனைக் கற்பித்தது. வாய்க்காலில் நீர் ஓடுங் காலத்தில் வளவுக் கிணற்றிற் கைக்கெட்டும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் நிறுத்தப்பட்டு இரண்டு கிழமை செல்ல, கயிறு நீளும். ஆவணி கடைசியிற் சேறு கலந்து வரும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்பொழுது துருசு திறப்பது, எப்பொழுது மூடுவது என்பவற்றைப் பங்குனி சித்திரையிற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கும். அரசாங்க அதிபரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடிப் பேசும் அக்கூட்டத்தின் முடிவு, மறைமுகமாக எமது குசினிப் பானையின் முடிவுமாகும். கிளிநொச்சியில் இருவர் சந்தித்தால் “குளத்தில எத்தினை அடி?” என்று கேட்பர். ஈராண்டில் அம்மாவும் மரக்கறிச் சந்தையில் அதே கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டார்.

அறுவடைக் காலம் வேறொரு படிப்பு. தையின் பிற்பகுதியில் வயல் முற்றும்பொழுது இரவில் மின்குமிழைச் சுற்றி அறக்கொட்டிப் பூச்சி மொய்க்கும். விளக்கை அணைத்துவிட்டே சாப்பிட வேண்டும். அறுவடை இயந்திரம் இரவிரவாக உறுமும். வெட்டிய நெல்லைக் காயவிடக் களம் போதாமையால் வீதியோரம், பாடசாலை மைதானம், கோயில் வீதி எங்கும் படங்கு விரிக்கப்படும். எமது முற்றமும் அவ்வாறே. ஆச்சி அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதுமில்லை. விடியற்காலை கதவைத் திறந்தால் படிவரைக்கும் நெல். பாடசாலைக்குப் போகும் நான் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓரமாகக் குதித்துச் செல்வேன். மாலையில் மழை இருட்டினால் எவர் வீட்டு நெல் என்ற பேச்சின்றி அம்மாவும் இறங்கி அள்ளுவார். நகரத்து வாடகை வீட்டில் கதவைச் சாத்தினால் எமது உலகம் எமது. அங்கோ கதவைச் சாத்தினாலும் உள்ளே ஓர் அறை எமதன்று, திறந்தாலும் வெளியே முற்றம் எமதன்று. கிராமத்து உறவின் இனிமை என்று இதனைப் பாடுவோர், மாதந்தவறாமல் வாடகை கொடுத்துக்கொண்டு அவ்வினிமையை ஒரு போகமாவது அனுபவித்துப் பார்த்தல் நன்று.

ஆச்சிக்கு வீட்டு வாடகை மாத வருமானமன்று என்பதை நாம் அறிந்துகொள்ள முதலாவது புரட்டாதி மாதம் வந்தது. விதைப்புக்கு முன்னர் அவர் விறாந்தையில் வந்திருந்து, ஆறு மாத வாடகையை ஒருமிக்கத் தரமுடியுமா என்று கேட்டார். உழவுக்கும் பசளைக்கும் வேண்டும் என்றார். கொடுக்காவிடில் என்ன செய்வார் என்பதையும் அவரே சொன்னார்: கழுத்துச் சங்கிலி வங்கியில் அடைவுக்குப் போகும், மாசியில் நெல் விற்று மீட்பார், வட்டி போகும். “நீங்கள் தந்தா அந்த வட்டி எனக்கு மிச்சம். உங்களுக்கு என்ன, எப்பவோ தரப்போற காசுதானே.” அப்பா தமது சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் பின் ஒவ்வோராண்டும் புரட்டாதியில் வாடகை ஒருமிக்கக் கைமாறிற்று. வட்டியில்லாப் போகக் கடன் என்பதே அதன் உண்மையான பெயர். வீட்டில் எமக்கு ஒரு சலுகையும் அதனாற் கிடைக்கவில்லை. ஆயினும் மாசியில் முதல் இடித்த பச்சையரிசியும், மோர் மிளகாயும், சில வேளை ஒரு கோழியும் பின்வீட்டிலிருந்து வரும். குத்தகைக் காணிக்காரனுக்குப் போகமுடிவிற் கொடுக்கும் மரியாதை அது என்று பிற்பாடு அறிந்தேன். தாம் எமக்குக் கடன்பட்டிருப்பதாகவோ, நாம் தமது வீட்டில் இருப்பதாகவோ அன்றி, போகம் ஒன்றிலே இரு பகுதியாரும் கைவைத்திருப்பதாக ஆச்சி கருதினார் போலும்.

2021ஆம் ஆண்டு இக்கருத்துக்குச் சோதனை வந்தது. அவ்வாண்டு வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. சேதனப் பசளையைக் கொண்டே நாடு முழுவதும் கமஞ்செய்தல் வேண்டும் என்ற கட்டளை, ஒரு போகத்துக்குள் நிறைவேற வேண்டியதாக வந்தது. சேதனப் பசளையின் நன்மையை மறுப்பவர் கிளிநொச்சியிற் குறைவு. மாட்டெருவின் அருமை அங்குள்ளோருக்குத் தெரியாததன்று. ஆனால் ஓர் ஏக்கருக்கு வேண்டிய எருவை எத்தனை மாட்டிடமிருந்து எத்தனை மாதத்திற் சேர்ப்பது என்ற கணக்கை எவரும் அவர்களிடம் கேட்கவில்லை. அந்தப் புரட்டாதியில் ஆச்சி ஓராண்டு வாடகை முழுவதையும் கேட்டார்: 96,000 ரூபா. பழைய இருப்பில் எவரோ மறைத்து வைத்திருந்த யூரியா இரு மூடையை அவர் சொன்ன விலைக்கு வாங்கவும், அயலில் ஓர் ஏக்கரை நெல்லுக் குத்தகைக்கு எடுத்து உழுவிக்கவும் அப்பணம் போயிற்று. சொந்த வயல் இரண்டு ஏக்கர். அப்பா தயங்கினார், அம்மாதான் கொடுக்கச் சொன்னார்.

அவ்வாண்டுக் காலபோகத்தின் நிறத்தை நான் மறக்கவில்லை. மார்கழியிற் கரும்பச்சையாய் நிற்க வேண்டிய வயல் வெளிறி மஞ்சள் பூத்து நின்றது. கமநல சேவை நிலையத்தில் நனோ நைதரசன் திரவத்தைப் போத்தலிற் கொடுத்தார்கள். 2021 கார்த்திகையின் இறுதியில் தடையை அரசாங்கம் தளர்த்தியபொழுது, பசளை போட வேண்டிய பருவத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. சந்தையிற் பசளையும் இல்லை. ஆச்சியின் ஆட்டக்காரி நெல் ஏக்கருக்கு 25 மூடை விளைவது வழக்கம். மாசியில் 11 மூடை கண்டது. குத்தகை நெல், அறுவடை இயந்திரக் கூலி, அடுத்த போக விதை எல்லாம் போக, பூட்டிய அறையில் மிஞ்சியதை எண்ணுவதற்கு ஒரு கை போதுமாயிருந்தது என்று சொன்னால் மிகையாகும். இரு கைகளும் வேண்டியிருந்தன, அவ்வளவே. பங்குனியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் தொடங்கின. சித்திரையில் அப்பாவின் இடமாற்றக் கடிதம் வந்தது.

வைகாசி முடிவில் வீட்டை விடுவதென்றால் எட்டு மாத வாடகை கழிய, 32,000 ரூபா எமக்குத் திரும்ப வரவேண்டும். ஆச்சியிடம் பணம் இல்லை. “நெல்லாத் தாறன், தம்பி” என்றார். எத்தனை மூடை என்பதில்தான் தொடங்கியது. அப்பொழுது நகரில் ஒரு மூடை 8,000 ரூபாவுக்குப் போயிற்று. ஆகவே நான்கு மூடை என்றார் ஆச்சி. நாம் பணத்தைக் கொடுத்த புரட்டாதியில் மூடை 4,000 ரூபா. ஆகவே எட்டு மூடை என்றார் அப்பா. இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. “நான் வாங்கினது காசு, காசுக் கணக்கிலதானே திருப்பித் தரோணும்” என்பது ஆச்சியின் நியாயம். அன்றைய காசு வேறு, இன்றைய காசு வேறு. அன்று நான் கொடுத்ததைக் கொண்டு எட்டு மூடை வாங்கியிருக்கலாமே என்பது அப்பாவின் நியாயம். பொருளியல் விரிவுரைகளிற் பணவீக்கத்தில் இலாபமடைபவன் கடனாளி, நட்டமடைபவன் கடன் கொடுத்தவன் என்று நாம் எழுதிக்கொள்கின்றோம். அன்று அந்த விறாந்தையில் இருந்த கடனாளி, பன்னிரண்டு மூடைக்கும் குறைவான நெல்லைக் கொண்டு மூவர் ஆவணி வரை சாப்பிட வேண்டிய ஒரு கிழவி. கடன் கொடுத்தவர், சம்பளத்தின் பெறுமதி இரு மாதத்திற் பாதியாகிவிட்ட ஓர் எழுதுவினைஞர். இலாபமடைந்தவரை அங்கே நான் காணவில்லை.

எழுத்து இருந்திருந்தால் இப்பிணக்கு எழுந்திராது என்று அப்பா அன்றிரவு சொன்னார். எனக்கு அது சரியெனத் தோன்றவில்லை. எழுத்திலும் ரூபாவே எழுதப்பட்டிருக்கும். ஆச்சியின் நான்கு மூடைதான் சட்டமாகியிருக்கும். எழுத்து இல்லாதபடியாற்றான் எட்டு என்று கேட்கவும் நான்கு என்று மறுக்கவும் இருவருக்கும் இடம் இருந்தது. மறுநாட் காலை அம்மா பின்வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்பதை அறியேன். திரும்பி வந்து “அஞ்சு” என்று மட்டும் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பற்றிப் படிக்க நேர்ந்தது. வயலை வாரத்துக்குச் செய்யும் குடியானவனுக்கு அவ்வயலில் நிலையான உரிமை வேண்டுமென்றும், காணிக்காரன் கேட்கும் பங்குக்கு ஓர் எல்லை வேண்டுமென்றும் கருதி அன்றைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த சட்டம் அது. நிலவுடைமையாளன் ஒரு புறம், உழுபவன் மறு புறம் என அது தெளிவாகப் பிரித்துக் காண்கிறது. கருத்தரங்கொன்றில் நான் ஆச்சியின் கதையைச் சொன்னபொழுது நண்பர் ஒருவர், “வீட்டுக்காரி சுரண்டுபவள், குடியிருப்பவன் சுரண்டப்படுபவன், மூன்றறை வாடகைக்கு இரண்டறை தந்தமை அதற்குச் சான்று” என்றார். மற்றொருவர், “முற்பணம் கொடுத்துப் போகத்தில் உரிமை கேட்ட உத்தியோகத்தனே வட்டிக்காரன்” என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அரசாங்க வங்கி போகக் கடனை வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு கொடுக்குமாயின் ஆச்சி எமது விறாந்தைக்கு வந்திருக்கமாட்டார். அந்த இடைவெளியை வாடகைக்கு இருப்பவனின் சேமிப்பு நிரப்புகின்றது. ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கி உத்தியோகத்தர், இப்பொழுது அறிவியல்நகரிற் படிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் என்று வெளியிலிருந்து அந்நகருக்கு வரும் மாதச் சம்பளமும் பெற்றோர் அனுப்பும் பணமும் ஒவ்வொரு புரட்டாதியிலும் வயலுக்குள் இறங்குகின்றன. எந்தப் புள்ளிவிபரத்திலும் அது கமத்துக்கான மூலதனமாகப் பதியப்படுவதில்லை. விளைச்சல் பிழைத்தால் அந்நட்டத்தில் தமக்கும் பங்குண்டென்பது, வீட்டைக் காலி செய்யும் நாள் வரை அவர்களுக்கும் தெரிவதில்லை.

வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்ல லொறிக்கு டீசல் கிடைப்பதே பெரும்பாடாயிருந்தது. கிடைத்த சிறு லொறியிற் கட்டிலும் அலுமாரியும் ஏறிய பின் ஐந்து மூடை நெல்லுக்கு இடமில்லை. ஆகவே அவை பூட்டிய அறையிலேயே நின்றன. ஆலையில் மின்சாரம் உள்ள நேரம் பார்த்து அவித்துக் குற்றி, அரிசியாகப் பேருந்தில் அனுப்புவதாக ஆச்சி சொன்னார். மூடைக்கு ஏறக்குறைய 45 கிலோ அரிசி தேறும். 25 கிலோப் பையில் ஒன்பது பைகள் வரும் என்று அப்பா தமது கொப்பியிற் குறித்துக்கொண்டார். ஆடியிலும் ஆவணியிலும் இரண்டும் மூன்றுமாகப் பைகள் வந்தன. நடத்துநரிடம் ஆச்சியின் பேரன் ஏற்றிவிட, நெல்லியடியில் அப்பா இறக்கினார். கடையில் அரிசி கிலோ 200 ரூபாவைத் தாண்டியிருந்த அந்நாட்களில், எமது வீட்டில் அரிசிக்கு வரிசை இல்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த சின்னம்மா வீட்டுக்கும் அதிலே ஒரு பங்கு போயிற்று.

புரட்டாதி முதற் கிழமையில் வந்தவற்றோடு பைகள் பதினொன்றாயின. அப்பா கொப்பியை இருமுறை பார்த்தார். ஆச்சிக்குக் கணக்குத் தவறியிருக்கும் என்றார். அவருக்குக் கணக்குத் தவறியதை மூன்றரை ஆண்டில் ஒருநாளும் காணவில்லை என்றார் அம்மா. எட்டு மூடை என்று கேட்டதை மனத்தில் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறாரோ என்ற எண்ணம் அப்பாவைச் சிறிது வருத்திற்று. தொலைபேசியில் கேட்க அவர் விரும்பவில்லை. அம்மா கேட்டார். மறுமுனையில் ஆச்சி உரத்துப் பேசியமையால் எனக்கும் கேட்டது.

“அது மற்றக் கணக்கு, பிள்ளை. உங்கட வீட்டுக்குள்ள நான் ஓர் அறை வைச்சிருந்தனெல்லோ. அதுக்கு.”

பின்னர் குளத்தில் எத்தனை அடி நிற்கின்றதென்று அம்மா விசாரித்தார். ஆச்சி சொன்னார். அவ்வாண்டு விதைப்புக்கு யூரியா மூடை 10,000 ரூபாவென்றும், வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லையென்றும், சங்கிலி வங்கிக்குப் போய்விட்டதென்றும் சொன்னார்.